தானாக விரிகிற பக்கம்

போன வாரச் சண்டையில் ஜெயித்தது கண்ணாடிக்காரிதான். எதிர்க்கட்சி டிரைவர், அதாவது அவளைக் கட்டியவன். ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அரசுப் பள்ளிக்கூடத்தில் இனி நம் பெண் ஒரு நாள்கூடப் படிக்க வேண்டாம் என்று ஆரம்பித்தான். கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வருவதில்லை, இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு டீச்சர். எல்லாம் உண்மைதான். அந்த ஒரே ஒரு டீச்சர் அவனுடைய கூடப்பிறந்த தங்கை, அதே வீட்டின் மாடியில்தான் இருக்கிறாள் என்பது மட்டும் கொஞ்சம் சங்கடமான உண்மை.

கண்ணாடிக்காரி வாதாடவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூப்பிட்டாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தாலும் அங்கேயும் அதுதான் நிலைத்தது. மரங்கொத்திப் பாடத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு என்றாள். வாயாடி புத்தகத்தை விரித்து, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல்லில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தாள். டிரைவர் தன்னை மறந்து கைதட்டினான். விண்ணப்பம் அலமாரியின் தலைக்குப் போனது. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வெற்றி இன்று காலை தலை வாரும் நேரம் வரைக்கும்தான் நின்றது.

டிரைவர் பஸ் எடுக்கப் போய்விட்டான். டீச்சரும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிட்டாள். இன்று பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார். அவர் முன்னால் வாயாடியை வாசிக்க வைப்பதாக ஏற்பாடு. பெற்றோர் குழுவின் சார்பில் கண்ணாடிக்காரியும் அங்கே இருக்க வேண்டும். அதற்காகக் கடையில் லீவு சொல்லியிருந்தாள்.

மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பின்னால் நின்று சடை பின்னிக்கொண்டே, இன்னொரு தடவை வாசி பார்ப்போம் என்றாள். வாயாடி பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி மடியில் விரித்தாள். மழை விட்ட காலை, ஈர மரம், டொக் டொக்கென்று மரங்கொத்தி. கேட்கக் கேட்கத் தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. மகளின் உச்சியில் முத்தம் கொடுக்கக் குனிந்தவள், அப்படியே புத்தகத்தையும் பார்த்தாள்.

பக்கத்தில் மரங்கொத்தி இல்லை. பற்கள் இருந்தன. வெட்டும் பல், கிழிக்கும் பல், மெல்லும் பல் என்று அம்புக்குறி போட்ட படம். வாயாடி பாட்டுக்கு அந்தப் பல் வரிசையின் மேல் விரலை ஓட்டியபடி, மரங்கொத்தியின் பொந்துக்குள் மூன்று முட்டைகள் இருந்ததாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

குழப்பத்துக்குக் காரணம் அட்டை. கடைக்குக் கண்ணாடி வில்லைகளைச் சுற்றிவரும் பழுப்புத் தாளை வீணாக்க மனமில்லாமல், எல்லாப் புத்தகத்துக்கும் அதையே அட்டையாகப் போட்டிருந்தாள் கண்ணாடிக்காரி. மேலே ஒட்டிய பெயர்ச் சீட்டுகளை வாயாடி பிய்த்துத் தன் பொம்மையின் முதுகில் ஒட்டிவிட்டாள். எல்லாம் ஒரே முகமாகிவிட, மொழிப் புத்தகத்தின் இடத்தில் அறிவியல் புத்தகம் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் இந்த உண்மை இன்னும் எத்தனை நாள் தூங்கியிருக்குமோ தெரியாது.

அவள் சத்தம் போடவில்லை. சரியான புத்தகத்தைத் தேடி எடுத்து, வகுப்பில் இன்னும் நடத்தாத அடுத்த பாடத்தை விரித்து நீட்டினாள். மேலே ஒரு படகுப் படம், கீழே நாலைந்து வரிகள். வாயாடி பக்கத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இதை டீச்சர் இன்னும் சொல்லலையே."

"சொல்லலைன்னா என்ன? நீயே வாசி."

"சொன்னாதானேம்மா வாசிக்க முடியும்?"

அந்தக் கேள்வியில் கள்ளம் எதுவும் இல்லை. வாசிப்பது என்றால் அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரோ சொல்ல வேண்டும், காதில் விழ வேண்டும், அப்புறம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரியின் கை சடையைப் பாதியில் விட்டுவிட்டது.

*

இவளுக்குக் கண்ணாடிக்காரி என்று எப்படிப் பெயர் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போடுகிறவள் இல்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லைசென்ஸ் புதுப்பிக்கச் சான்று கேட்டு வரும் டிரைவர்களில் கில்லாடிகள் உண்டு. வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதே, உள்ளே இருப்பவர் எழுத்து அட்டையைப் படிக்கும் குரலைக் கேட்டுக் கடைசி வரியை மனப்பாடம் செய்துவிடுவார்கள். தங்கள் முறை வந்ததும் சுவரைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவள் சிரிக்காமல் எழுந்து, கதவுக்குப் பின்னால் வைத்திருக்கும் இரண்டாவது அட்டையை எடுத்து மாட்டுவாள். அத்தோடு குட்டு உடைந்துவிடும்.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவனைத்தான் அப்புறம் கல்யாணமும் செய்துகொண்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிள்ளை பிறந்திருக்கிறது. ஊரார் தில்லுமுல்லையெல்லாம் கண்டுபிடிக்கிறவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மகளை இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். முதலாளி இன்னும் வரவில்லை. சாவி அவளிடம் இருந்தது. விளக்கைப் போட்டு, வாயாடியை உயரமான நாற்காலியில் ஏற்றி, ஒரு கண்ணை மூடச் சொன்னாள். மனசுக்குள் ஒரு நப்பாசை. கண்ணில்தான் கோளாறோ? எழுத்து மங்கலாகத் தெரிவதால்தான் காதால் சமாளிக்கிறாளோ? அப்படி இருந்தால் ஒரு கண்ணாடியோடு முடிந்தது. யாரையும் குறை சொல்ல வேண்டாம், யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். பெற்ற பிள்ளைக்குக் கண் கெட்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வாயாடி கடைசி வரி வரைக்கும் சொன்னாள். அடுத்த கண்ணிலும் சொன்னாள். இரண்டாவது அட்டையை மாட்டியபோதும் சொன்னாள். எறும்பு அளவு எழுத்தைக்கூட விடவில்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லை.

மேசையில் கிடந்த துண்டுத் தாளில் கண்ணாடிக்காரி 'சன்னல்' என்று எழுதிக் காட்டினாள். வாயாடி நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அப்புறம் என்ன என்பதுபோல் நிமிர்ந்தாள்.

"எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லு."

"சேர்த்தா என்ன வரும்?"

எழுத்துகள் தெரிந்தன. அவை கைகோத்து ஒரு சொல்லாகும் என்பதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துக் காட்டவே இல்லை. கண்ணாடிக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக இந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறது. நானும் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

டிரைவருக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தாள். எடுத்துவிட்டு வைத்தாள். அவனிடம் சொன்னால் அலமாரியின் தலையிலிருந்து விண்ணப்பம் இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் தலைமையாசிரியர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சரோட சொந்த அண்ணன் பொண்ணே இங்கேதான் படிக்குது." அந்தப் பெண்ணே போய்விட்டால் டீச்சர் யார் முகத்தில் விழிப்பாள்? மாடியிலும் கீழேயும் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எப்படி இருப்பது?

ஆனால் சொல்லாமல் இருந்தால்?

*

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வாயாடிக்கு டீச்சர் அத்தைதான். வாசலைத் தாண்டினால் டீச்சர். இது முதல் நாளே போட்ட சட்டம். சொந்தம் கொண்டாடினால் மற்ற பிள்ளைகள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று டீச்சரே போட்டது. வாயாடி ஒரு நாள்கூட அதை மீறியதில்லை. இன்றும் வாசலைத் தாண்டியதும் சடையைச் சரிசெய்துகொண்டு, "குட்மார்னிங் டீச்சர்" என்றாள்.

வகுப்பறை ஒரு நீளமான ஹால். நடுவில் ஓர் இரும்பு பீரோ. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்பு டீச்சர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பீரோவின் இரு பக்கமும் மாறி மாறி நடந்து நடந்து டீச்சரின் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்தது. இந்தப் பக்கம் முழுக்க ஒரே குரலாக மரங்கொத்திப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரி முதல் முறையாக வாய்களைப் பார்க்காமல் கண்களைப் பார்த்தாள். சில கண்கள் புத்தகத்தில் இருந்தன. பல கண்கள் ஜன்னலில் இருந்தன. வாய் மட்டும் பிசகவில்லை.

டீச்சரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியே கூப்பிட்டுப் பல் படத்திலிருந்து கடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கோபப்படுவாள், மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சரோ ஃபிளாஸ்கைத் திறந்து இரண்டு வாய் வெந்நீர் குடித்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

"தெரிஞ்சும் தெரியாம இருந்தேன்னு வெச்சுக்கங்க அண்ணி. நான் அந்தப் பக்கம் கணக்குச் சொல்லிக் குடுக்கும்போது இந்தப் பக்கம் சும்மா இருந்தா ரகளையாயிடும். அதனால சத்தமா சொல்லுங்கன்னு விட்டுட்டுப் போறேன். சத்தம் வர்ற வரைக்கும் பாடம் நடக்குது. யார் பார்த்துச் சொல்றா, யார் கேட்டுச் சொல்றான்னு ஒவ்வொருத்தரா உட்காரவெச்சுப் பார்க்க எனக்கு ஏது நேரம்?"

அவள் குரல் அங்கே உடைந்தது. இன்று ஒரு நாள் மட்டும் எதுவும் பேசாமல் இருக்கச் சொன்னாள். அதிகாரி வந்து போகட்டும். இன்னொரு டீச்சரைப் போடச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்கப் போகிறார். பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர் வந்தால் அதுவும் நடக்காது. வாயாடியைப் பற்றிக் கவலை வேண்டாம், இன்று சாயங்காலத்திலிருந்து மாடியில் உட்காரவைத்துத் தானே சொல்லித் தருவதாகக் கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

உன் அண்ணன் பெண்ணுக்கு மாடி இருக்கிறது, மற்ற பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தேய்ந்த செருப்பைப் பார்த்தாள். கேட்க மனம் வரவில்லை.

"சரி" என்றாள்.

நாக்கால் மட்டும் சொன்ன சரி இல்லை அது. மனசாரச் சொன்னதுதான்.

*

அதிகாரி மத்தியானம் வந்தார். வாட்டசாட்டமான அம்மாள், அதிகம் பேசாதவர். தலைமையாசிரியர் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். பெற்றோர் குழுவுக்காகச் சுவரோரம் போட்ட நாற்காலியில் கண்ணாடிக்காரி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வதைவிட, நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்பது சரி.

பார்வையிட வருகிறவர்களுக்கென்று தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தைத் தன் அறையில் பூட்டி வைத்திருப்பார். கிழியாத, கறைபடாத மொழிப் புத்தகம். யார் வந்தாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அந்தப் புத்தகத்தை எப்படிப் பிடித்தாலும் மரங்கொத்திப் பக்கம் தானாக விரியும். எத்தனையோ தடவை அதே இடத்தில் விரித்து அழுத்தியதில் அதற்கு அப்படி ஒரு பழக்கம். அவர் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுத்து வைக்கிற மாதிரிதான் நினைத்தார்.

வாயாடி எழுந்து நின்றாள். புத்தகம் விரிந்தது. மழை விட்ட காலையில் ஆரம்பித்தது வாசிப்பு. குரல் கணீரென்று இருந்தது. மரங்கொத்தி அலகால் தட்டும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, குஞ்சுகள் பறக்கும் இடத்தில் உயர்த்தி, கடைசி வரியில் அழகாக நிறுத்தினாள். முடித்ததும் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். காலையில் நடந்ததெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. கண்ணாடிக்காரி பதிலுக்குச் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே கசந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. மூன்றாம் வகுப்பில் இவ்வளவு தெளிவாக வாசிக்கும் பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்றார். தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நெளிந்தார். இதுதான் சமயம் என்று காலியாக இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். நான்காம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வந்தால் இன்னும் நன்றாகச் செய்வோம் என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டார் அதிகாரி. "ஒரு டீச்சரை வெச்சே இவ்வளவு நல்லா நடத்துறீங்க. வாசிக்கவே தெரியாத பிள்ளைங்க இருக்கற பள்ளிக்கூடம் எத்தனையோ இருக்கு. அந்த இடத்தை அவங்களுக்கு மாத்திடறேன்."

பாராட்டியவரிடம் தலைமையாசிரியர் என்னவென்று மறுத்துப் பேசுவார்? டீச்சர் பீரோவைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக இதே புத்தகம், இதே பக்கம், இதே பாராட்டு. எத்தனை வருஷமாக அந்த இடம் காலி. நன்றாக இருப்பதாகக் காட்டிக் காட்டியே இவர்கள் தங்களுக்கு வர வேண்டியதை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அந்த நிமிஷத்தில்தான் கண்ணாடிக்காரிக்கு உறைத்தது.

அதிகாரி போகிற போக்கில் அவள் பக்கம் திரும்பினார். பெற்றோர் சார்பில் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

டீச்சர் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அருகில் பிடித்த கையின் சூடு இன்னும் கண்ணாடிக்காரியின் உள்ளங்கையில் இருந்தது. அவள் எழுந்தாள். ஒன்றும் இல்லை மேடம் என்று சொல்லத்தான் எழுந்தாள். அதுதான் சத்தியம்.

"வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்கறீங்களா மேடம்?" என்றாள்.

பிள்ளைகளின் காதில் விழாத தூரம் வந்தபிறகு, தலைமையாசிரியரையும் டீச்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இப்ப வாசிச்சது என் பொண்ணு. அவ வாசிக்கலை, ஒப்பிச்சா. புத்தகத்தைத் தலைகீழா குடுத்திருந்தாலும் அப்படியேதான் சொல்லியிருப்பா. இவங்க ஒருத்தரால ரெண்டு வகுப்புக்கும் கத்த முடியும், சொல்லித்தர முடியாது. எங்களுக்கு இன்னொரு டீச்சர் வேணும்."

அதிகாரி வகுப்புக்குள் திரும்பிப் போனார். யாரையும் தனியாக எழுப்பவில்லை. அந்த மட்டுக்கும் அவர் நல்லவர். எல்லோரும் புத்தகத்தில் அடுத்த பாடத்தை, படகுப் பாடத்தை எடுங்கள் என்றார். வாயைத் திறக்காமல் மனசுக்குள் வாசித்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்றார்.

அந்த ஹாலில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். எந்த வாயும் அசையவில்லை. ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. படகு பற்றிய கதை என்றது அந்தப் பிள்ளை. படகுக்கு என்ன ஆயிற்று என்று அதிகாரி கேட்டதும் கை இறங்கிவிட்டது.

வாயாடி கையைத் தூக்கவில்லை. யாராவது முதல் சொல்லைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள். இந்த முறை அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் துடைக்க எதுவும் இல்லை.

கிளம்பும்போது அதிகாரி டீச்சரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். நாளைக்குக் காலையில் ஆபீசுக்கு வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். நல்லதற்கா கெட்டதற்கா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயாடி பேசவில்லை. அவள் வாய் மூடியிருந்ததே தெருவுக்குப் புதுசு. தெருமுனை வந்ததும் கேட்டாள்.

"நான் தப்பா வாசிச்சேனாம்மா?"

"இல்லடா கண்ணு."

"அப்ப ஏன் டீச்சர் அழுதாங்க?"

கண்ணாடிக்காரி பைக்குள் சாவியைத் தேடினாள். சாவி கையில்தான் இருந்தது.

டீச்சர் அவர்களுக்கு முன்னாலேயே வந்து, வெளிப்படி வழியாக மாடிக்கு ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள். தினமும் வந்ததும் கீழே எட்டிப் பார்த்து டீ இருக்கிறதா என்று கேட்பவள். கண்ணாடிக்காரி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். படிக்கட்டின் பாதி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

இருட்டத் தொடங்கும்போது டிரைவர் வந்தான். தங்கை போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். ஜெயித்துவிட்டோம் என்ற களிப்பை அவன் முகத்தில் எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலையும் தயார் செய்து வைத்திருந்தாள் அவள். களிப்பு அங்கே இல்லை. அலமாரியின் தலையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நானும்தான் ஒப்பிச்சேன்" என்றான். "நீ வேற அட்டையை மாட்டிக் கண்டுபிடிச்சே. ஆனா என் முதலாளிகிட்ட போய்ச் சொல்லலை. கண்ணாடி போட்டு அனுப்பி வெச்சே. என் தங்கச்சியை மட்டும் எல்லார் முன்னாலயும் பிடிச்சுக் குடுத்துட்டே."

அது நேராகக் கண்ணாடிக்காரியின் நெஞ்சில் இறங்கியது.

"உங்களுக்குக் குடுக்க அன்னிக்கு என் கையில கண்ணாடி இருந்துச்சு. உங்க தங்கச்சிக்குக் குடுக்க என்கிட்ட இன்னொரு டீச்சரா இருக்கு?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கைதட்டிய அந்தக் கைகளை மடியில் போட்டுக்கொண்டான். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், மாடிக் கதவு சாத்தியே இருந்தது.

கூடத்தில் பர்ரென்று தாள் கிழியும் சத்தம் கேட்டது. வாயாடி புத்தகங்களின் பழுப்பு அட்டைகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, மொழிப் புத்தகத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மாடிப்படியின் கீழே நின்றாள்.

"அம்மா, மேலே போய்க் கதவைத் தட்டினா, அத்தைன்னு கூப்பிடணுமா, டீச்சர்னு கூப்பிடணுமா?"

பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவளே ஏறிப் போனாள்.

எந்தப் பெயரையும் சொல்லி அவள் கூப்பிடவில்லை. கதவையும் தட்டவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் படகுப் பாடத்தை விரித்து, எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். கீழே டிரைவரும் கண்ணாடிக்காரியும் அசையாமல் நின்று கேட்டார்கள். முதல் சொல்லுக்கே வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, நிறுத்தி, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, கடைசியில் 'படகு' என்றாள். அது வந்துவிட்ட ஆச்சரியத்தில் அதையே இரண்டு முறை சொன்னாள். அடுத்த சொல்லில் தடுக்கி விழுந்தாள். வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடப் பார்த்தாள்.

கதவு திறக்கவில்லை. கட்டிப்போன குரல் ஒன்று மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

"தப்பு. சொல்லாதே, பார்த்து வாசி."